நாற்காலி காலியாக இருந்தால்

மணியக்காவின் இரண்டு கைகளும் கணவரின் இடுப்புக்கு அடியில் இருந்தன. அவருக்கு அடியில் குறுக்காகப் போட்டிருந்த விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, கட்டில் விளிம்பில் முழங்காலை ஊன்றி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று இழுத்தாள். எழுபத்தெட்டு கிலோ ஆள் வலப்பக்கமாகப் புரண்டார். அதே நேரம் அவளுடைய அடிவயிற்றில் பந்துபோல ஏதோ ஒன்று எழும்பி நின்றது. ஒரு கையால் அதை உள்ளே அழுத்திக்கொண்டு, மறு கையால் விரிப்பைத் தடவிப் பார்த்தாள். சுருக்கம் இல்லை. அவள் போட்ட விரிப்பில் சுருக்கம் இருந்ததே கிடையாது.

"மணி ரெண்டாகப் போகுது," என்றார் அவர். முப்பது வருடம் பஸ் பணிமனையில் நேரம் குறிக்கும் வேலை பார்த்தவர். இடப்பக்கம் முழுக்கச் செயலிழந்து நான்கு வருடமாகியும் அந்த வேலையை மட்டும் விடவில்லை. "உன் ஆளுங்க வந்து காத்துக்கிட்டு நிப்பாங்க."

"நிக்கட்டும். முட்டிக்கு நடுவுல தலகாணி வெக்காம போக முடியாது."

"மூணுக்குள்ள முடிச்சுடுவியா?"

"நீங்க கரண்டியைச் சும்மா வெச்சிருந்தா முடிச்சுடுவேன்."

கட்டில் கம்பியில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு எவர்சில்வர் கரண்டி. ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் திருப்பிவிட வேண்டும். மூன்று தட்டினால் ஒன்றும் வேண்டாம், நீ இருக்கிறாயா என்று பார்த்தேன். மூன்று தட்டுத்தான் அதிகம்.

மணியக்கா அவளுடைய பெயரல்ல. வாராவாரம் வீடியோவில் கூடும் குழுவில் வைத்தது. நேரம் முடிந்ததும் சின்ன வெண்கல மணி ஒன்றை ஆட்டுவாள், அதனால் வந்தது. அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம், நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையத்தில் பாடம் எடுத்தாள். எப்படித் தூக்குவது, எப்படிப் புரட்டுவது, எப்படிக் குளிப்பாட்டுவது. தனியாகத் தூக்காதே என்று சொல்லியே சம்பளம் வாங்கியவள். பிறகு சொந்த வீட்டில் நான்கு வருடம் தனியாகத் தூக்கினாள். குடலிறக்கம் வந்தது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஆஸ்பத்திரிக் கடிதம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கு மூன்றாவது தடவையாகத் தேதி கொடுத்திருக்கிறார்கள். வியாழன் காலை பத்து மணிக்குள் வருகிறேன் என்று சொல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க எட்டு மாதம். குடல் எப்போது வேண்டுமானாலும் சிக்கிக்கொள்ளலாம், சிக்கினால் ஓடிவர உங்களுக்கு ஆறு மணி நேரம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் எதையும் தூக்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். முதல் வாக்கியத்தை அவள் மறந்துவிட்டாள். இரண்டாவதை மட்டும் தினமும் நினைத்தாள். அந்த ஆறு வாரம் இவரை யார் புரட்டுவது?

அன்று புதன்கிழமை.

சமையலறையில் இஸ்திரி மேசையை விரித்து அதன்மேல் லேப்டாப்பை வைத்திருந்தாள். அங்கே நின்றால்தான் பின்னால் வெறும் சுவர் தெரியும், காதில் கரண்டியும் விழும். மூன்று வருடமாகப் புதன் மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை இதுதான் அவளுடைய உலகம். வீட்டில் ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவளையும் சேர்த்து ஐந்து பேர். ஐந்தும் ஐந்து ஊர். நோயாளிகள் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம் என்பதால் இந்த மணி.

வாரம் ஒருவர் நாற்காலியில் உட்காருவார். உட்காருவது என்றால் தன் சிக்கலைச் சொல்வது. பத்து நிமிடம் சொல்ல வேண்டும். பிறகு மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். யோசனை சொல்லக்கூடாது. சொன்னவர் இரண்டு நிமிடம் வீடியோவை அணைத்துவிட்டு இருக்க வேண்டும், அதற்கு மூலை என்று பெயர். கடைசியில் நாற்காலிக்காரர் மறுநாள் காலை பத்துக்குள் செய்யப்போகிற ஒரே ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். முயற்சி பண்றேன் என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. செய்து முடித்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எல்லாம் மணியக்கா எழுதிய சட்டம். ஆட்கள் கடைசி நேரத்தில் நழுவுகிறார்கள் என்று முதல் வருடமே இன்னொன்றையும் சேர்த்தாள்: நாற்காலி காலியாக இருந்தால் நடத்துகிறவர் உட்கார வேண்டும். அது ஒரு மிரட்டலுக்காகப் போட்டது. இதுவரை தேவைப்பட்டதில்லை.

திரையில் முதலில் வந்தவர் தையல்காரர். படுத்த படுக்கையான மனைவியைப் பார்த்துக்கொள்பவர், கழுத்தில் எப்போதும் அளவு நாடா. அடுத்து லாரி ஓட்டுநர், ஓரமாக நிறுத்திய வண்டிக்குள்ளிருந்து. ஞாபகம் தப்பிய அம்மாவுக்காகப் பாதி நாள் மட்டும் ஓட்டுகிறவன். மூன்றாவதாகக் கணக்கு டீச்சர், அக்காவைப் பார்த்துக்கொள்கிறவர். எண்ணாமல் எதையும் விடமாட்டார்.

"மருந்துக்கடைப் பொண்ணு எங்க? இன்னைக்கு நாற்காலி அவளோடது," என்றாள் மணியக்கா.

"வரலையாம். மெசேஜ் போட்டிருக்கா," என்றார் டீச்சர்.

"காரணம்?"

"எழுதலை."

"சரி, வேற யாராவது உக்காருங்க. தையல்காரரே?"

"எனக்குச் சிக்கலே இல்லம்மா. ஆச்சரியமா இருக்கு, இந்த வாரம் எல்லாம் நல்லா போகுது."

"தம்பி?"

"நான் போன வாரம்தானே அக்கா உக்காந்தேன். தொடர்ந்து ரெண்டு வாரம் கூடாதுன்னு நீங்கதான் சட்டம் போட்டீங்க," என்றான் ஓட்டுநர். வாயை மூடியிருந்தாலும் கன்னம் சிரித்தது.

"டீச்சர்?"

"எனக்குத் தொண்டை சரியில்ல," என்று மிகத் தெளிவான குரலில் சொன்னார் டீச்சர். "அப்ப நாற்காலி காலி. சட்டம் என்ன சொல்லுது மணியக்கா?"

அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைப் பெண் திரையில் முளைத்தாள். படுத்திருக்கும் அப்பாவுக்காகக் கடையின் பின்னறையையே வீடாக்கிக்கொண்டவள். வாயில் சோறு இருந்தது.

"நீ வரலைன்னு சொன்ன?"

"நாற்காலிக்கு வரலைன்னுதான் சொன்னேன். கேள்வி கேக்க வந்திருக்கேன்."

மணியக்காவுக்குப் புரிந்துவிட்டது. நாலு பேரும் சேர்ந்து கதவைச் சாத்திவிட்டார்கள். பூட்டு அவள் செய்தது.

"சரி, விளையாட்டு போதும். எனக்குச் சிக்கல்னு எதுவும் இல்ல," என்றாள். "வீட்டைப் பாத்துக்கறேன், உங்களைப் பாத்துக்கறேன். இன்னைக்குக் கூட்டம் இல்லன்னு வெச்சுப்போம்."

"போன வாரம் நடுவுல ஒரு போன் எடுத்தீங்க," என்றார் டீச்சர். "வீடியோவை அணைச்சீங்க. மைக்கை அணைக்கலை."

மணியக்காவின் கை தானாக மைக் பொத்தானுக்குப் போனது. மூன்று வருடமாக இந்த நான்கு பேரையும் மியூட், மியூட் என்று விரட்டியவள் அவள். ஓட்டுநரின் அம்மா திட்டுவது, தையல் மெஷின் ஓடுவது, எதையும் விட்டுவைத்ததில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசினாங்க. மூணாவது தேதி. வியாழன் பத்து மணி. நீங்க, பாக்கலாம் பாக்கலாம்னு மூணு தடவை சொன்னீங்க," என்றார் டீச்சர்.

"நாலு," என்றான் ஓட்டுநர்.

"ஒட்டுக்கேட்டீங்களா எல்லாரும்?"

"நீங்கதான்மா சத்தமா வெச்சு ஒலிபரப்பினீங்க," என்றார் தையல்காரர். "அது குடலிறக்கம்தானே? நீங்க ஏன் ஒரு இடுப்புப் பட்டை போட்டுக்கக்கூடாது? நான் நல்ல கெட்டித் துணியில தைச்சு..."

"தையல்காரரே, அது கேள்வி இல்ல. கேள்விச் சட்டை போட்ட யோசனை. மூலைக்குப் போங்க."

அவர் மூலைக்குப் போனார். மணியக்காவுக்குப் பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது. ஆனால் மூலைக்கு அனுப்பியதால் கூட்டம் தொடங்கிவிட்டது என்றாகிவிட்டது. அவளே தொடங்கிவைத்துவிட்டாள்.

சொன்னாள். பத்து நிமிடம் தேவைப்படவில்லை, மூன்றே நிமிடம்தான். அறுவை செய்துகொள்ள வேண்டும், ஆறு வாரம் தூக்கக்கூடாது, இவரை ஒருநாளும் விட முடியாது, பிள்ளை குட்டி இல்லை, அவ்வளவுதான். நோயாளியின் அட்டையை வாசிப்பதுபோல வாசித்துவிட்டு மணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து கரண்டி மூன்று தட்டு தட்டியது.

"இருக்கேன்," என்று அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"கரண்டி இன்னைக்கு இது அஞ்சாவது தடவை," என்றார் டீச்சர். "போன வாரம் ஒரு மணி நேரத்துல பதினொண்ணு."

"கேள்வியைக் கேளுங்க டீச்சர்."

ஓட்டுநர் முந்திக்கொண்டான். "அக்கா, உங்க கையில்லாம வேற கை அண்ணனைக் கடைசியாத் திருப்பினது எப்ப?"

"ஆளுங்க மூணு பேர் வெச்சுப் பாத்தேன். போன வருஷம். யாரும் நிக்கலை."

"ஏன் நிக்கலை?"

"ஒருத்தி நகம் வளத்திருந்தா. ஒருத்தி போனை வெச்சுக்கிட்டே சோறு ஊட்டினா. மூணாவது ஆளு கை ஐஸ் மாதிரி. தொட்டாலே இவருக்கு உடம்பு தூக்கிப் போடும்."

"அவங்க வேண்டாம்னு சொன்னது யாரு?" என்று கேட்டாள் மருந்துக்கடைப் பெண். சோற்றை விழுங்கியிருந்தாள். "அவரா, நீங்களா?"

"அவருக்கும் பிடிக்கலை."

"அது பதில் இல்லையே அக்கா."

"நான்தான் சொன்னேன். போதுமா?"

"அதுக்கு முன்னால?" என்றார் டீச்சர்.

"என் நாத்தனார் வந்தாங்க. அவரோட அக்கா. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஒருநாள் நான் பல் வலின்னு போனப்ப அவங்கதான் திருப்பிப் படுக்க வெச்சாங்க. விரிப்புல இவ்வளவு பெரிய சுருக்கம். வந்து பாக்கறேன், முதுகுக்குக் கீழ சிவந்து போயிருக்கு. புண்ணாகறதுக்கு முன்னால நான் பாத்தேன், தப்பிச்சார்."

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

மணியக்கா மணியைப் பார்த்தாள். ஆட்டலாம். நேரம் முடியவில்லை.

"வாங்க, உக்காருங்க, பேசிட்டுப் போங்க அண்ணி, ஆனா தொட வேண்டாம்னு சொன்னேன்."

தையல்காரர் மூலையிலிருந்து திரும்பி வந்திருந்தார். வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டார்.

"நிலையத்துல உங்ககிட்ட படிக்க வந்தவங்க," என்று மெதுவாக ஆரம்பித்தார் டீச்சர். "சுருக்கம் இல்லாம விரிக்க எத்தனை நாள்ல கத்துப்பாங்க?"

"மூணு வாரம். கைப்பக்குவம் உள்ளவங்க ரெண்டு வாரம்."

"உங்க நாத்தனாருக்கு எத்தனை நாள் கொடுத்தீங்க?"

லாரிக்கு வெளியே யாரோ ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். மியூட் போடச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

"ஒரு நாள்," என்றாள்.

கடைசிப் பத்து நிமிடம் வந்தது. "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன்," என்றாள் வேகமாக.

"முதல் ரெண்டு தேதியும் போன் பண்ணித்தானே வாங்கினீங்க? போன் பண்ணித்தானே தள்ளியும் போட்டீங்க?" என்றார் டீச்சர். "போன் பண்றது உங்களுக்கு ஒரு காரியமா?"

இதே கேள்வியை இவர்கள் எல்லோரிடமும் அவள் கேட்டிருக்கிறாள். உங்களுக்குச் சுலபமாக வருகிற காரியத்தைச் சொல்லாதீர்கள், கை கூசுகிற காரியத்தைச் சொல்லுங்கள் என்று.

"எட்டுல இருந்து பத்து வரைக்கும் நான் அவரைத் தொட மாட்டேன். என் நாத்தனார் பாப்பாங்க."

"நீங்க எங்க இருப்பீங்க? அடுப்படியிலயா?" என்று கேட்டான் ஓட்டுநர்.

"கதவுக்கு வெளிய."

"கதவு?"

"சாத்தியிருக்கும். விடுங்கடா என்னை." மணியை ஆட்டினாள். மணி இரண்டு ஐம்பத்தொன்று. ஒன்பது நிமிடம் முன்னால். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

லேப்டாப்பை மூடியதும் கரண்டி தட்டவில்லை. அதுவே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. உள்ளே போனாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் கேட்டுச்சு," என்றார். "நடுவுல சுவர்தான் இருக்கு, கோட்டையா இருக்கு?"

"கேட்டா நல்லதாப் போச்சு."

"அக்கா கை ஆகாது எனக்கு. மூட்டை தூக்கற மாதிரி தூக்குவா."

"யார் கைதான் ஆகும் உங்களுக்கு?"

"வேற கை ஆகாதுன்னு முதல்ல நான் சொல்லலை. நீதான் சொன்ன. சரி, இவளுக்குத் தெரியும்னு நானும் தலையாட்டினேன். அப்புறம் அப்படியே பழகிப்போச்சு."

அவள் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மதியத்தில் அவள் உட்காருவது அபூர்வம்.

"ஆபரேஷனுக்கு உள்ள போய் நீ திரும்பி வராமப் போயிட்டா?" என்றார் அவர். கேட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார், பார்க்க முடிந்த அளவுக்கு.

"வராமப் போயிட்டா உங்க அக்காதான். அதுக்குத்தான் ஒத்திகை."

"நல்லா ஆறுதல் சொல்ற."

"ஆறுதல் சொல்ல எனக்குப் பயிற்சி இல்ல. புரட்டத்தான் பயிற்சி."

நாத்தனாருக்குப் போன் செய்தபோது நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்.

"தம்பிக்கு என்ன?" என்றார் எடுத்த எடுப்பிலேயே.

"அவருக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. எனக்குத்தான்." சொன்னாள். நாளை எட்டு மணிக்கு வர முடியுமா என்றும் கேட்டாள்; இந்தத் தடவை மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

நாத்தனார் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நாளைக்கு வந்தா தொடலாமா? இல்ல, உக்காந்து பேசிட்டுப் போகணுமா?"

இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்த வாக்கியம் அது. மணியக்கா வாங்கிக்கொண்டாள்.

"தொடணும் அண்ணி."

"எட்டு மணிக்குத்தானே? ஏழே முக்காலுக்கு வரேன். நகம் வெட்டிக்கிட்டு வரேன்."

மறுநாள் ஏழு நாற்பதுக்கே நாத்தனார் வந்துவிட்டார். அறுபத்தைந்து வயது, தபால் நிலையத்தில் மூட்டை பிரித்த தோள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். "பாத்துக்கோ. அப்புறம் குறை சொல்லாதே."

மணியக்கா ஒரே ஒரு தடவை காட்டிக்கொடுத்தாள். விரிப்பின் ஓரத்தை எங்கே பிடிப்பது, காலை எங்கே ஊன்றுவது, பிறகு மூலைகளை எப்படி இழுப்பது. பேசும்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், இல்லாவிட்டால் அவை தாமாகவே வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். எட்டு மணிக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். மாடிப்படியில் இரண்டாவது படியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. கதவுக்கு இந்தப் பக்கமும் அவள் அதே அறைக்குள்தான் இருந்தாள். பாத்திரம் நகர்ந்தால் வெந்நீர் என்று தெரிந்தது. கட்டில் முனகினால் எந்தக் கால் என்று தெரிந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நாத்தனார் குரல் கேட்டபோது இவளுடைய தோள் இழுத்தது. "டேய், உடம்பை விறைச்சுக்காதே, நான் என்ன போலீஸா?" என்றார் நாத்தனார் உள்ளே. "மெதுவா! மெதுவாக்கா!" என்றார் இவர். மணியக்காவின் கை கதவின் கைப்பிடியில் இருந்தது. எப்போது எழுந்து போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மேல்மாடிக்காரர் வேலைக்கு இறங்கி வந்தார். "என்னங்க, சாவி மறந்துட்டீங்களா?"

"இல்ல. சாவி என்கிட்டதான் இருக்கு."

அவர் சாத்திய கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கிப்போனார்.

எட்டு ஐம்பதுக்குக் கரண்டி தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று. தண்ணீரும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். மணியக்கா வாயைத் திறந்தாள். இருக்கேன் என்று சொன்னால் போதும், அவர் அடங்கிவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கரண்டி மறுபடி மூன்று தட்டியது. மறுபடியும்.

"இருக்காடா!" என்று உள்ளேயிருந்து நாத்தனார் கத்தினார். "படியில உக்காந்திருக்கா! நானும் இருக்கேன்! இன்னும் யார் வேணும் உனக்கு?"

கரண்டி நின்றது.

ஒன்பது பத்துக்கு மணியக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். எடுத்தவளுக்குக் குரல் அடையாளம் தெரிந்திருந்தது.

"இந்தத் தடவையாவது வருவீங்களா?"

"வருவேன்."

"பாக்கலாம்னு சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டேன். எழுதிக்கங்க."

"கூட யாரு இருப்பாங்க? ஒருத்தர் இருந்தாத்தான் சேத்துப்போம்."

இதை அவள் நினைக்கவே இல்லை. இருக்கிற ஒரே ஆள் உள்ளே கட்டிலருகில் இருக்க வேண்டும். "யாராவது வருவாங்க. பேரை அப்புறம் தரேன்," என்றாள்.

"கூட ஆள் இல்லாம வந்தா திருப்பி அனுப்பிடுவோம், இப்பவே சொல்லிட்டேன். தேதி போட்டாச்சு."

ஒரு முடிச்சை அவிழ்த்தால் பக்கத்தில் இன்னொன்று. அடுத்த புதனுக்கு நாற்காலி அவளுக்குக் கிடையாது, தொடர்ந்து இரண்டு வாரம் கூடாது. குழுவில் எழுதிக் கேட்க வேண்டியதுதான். இவர்களில் எந்த ஊர்க்காரர் ஒருநாள் பஸ் ஏறி வர முடியும் என்று.

பத்துக்கு உள்ளே போனாள். அவர் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தார். முகம் துடைத்து, தலை சீவி, வகிடு தப்பான பக்கம். முட்டிக்கு நடுவில் தலையணை இருந்தது, தலைகீழாக. நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முரட்டுக் கை," என்றார் இவர். "ஆனா சூடா இருக்கு."

மணியக்கா விரிப்பைப் பார்த்தாள். இடுப்பருகே ஒன்று, தொடையருகே ஒன்று, இரண்டு சுருக்கம். அவளுடைய கை நீண்டது. இடுப்பருகே இருந்ததை மட்டும் காட்டி, "இதை இப்பவே எடுத்துடுங்க அண்ணி. எலும்புக்கு நேரா இருக்கு," என்றாள். நாத்தனார் எழுந்து வந்து இழுத்து நேராக்கினார். மற்றது சதைப்பகுதியில் இருந்தது. அடுத்துத் திருப்புகிற வரைக்கும் அது ஒன்றும் செய்யாது, அவளே பாடம் எடுத்திருக்கிறாள்.

"பன்னெண்டு மணிக்கும் நீங்களே திருப்பிடுங்க," என்றாள்.

பிறகு போனை எடுத்து, மிச்சமிருந்த அந்தச் சுருக்கத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டாள். கீழே, தேதி போட்டாச்சு என்று எழுதினாள். முதலில் பதில் வந்தது தையல்காரரிடமிருந்து. துணியைக் குறுக்கே இழுக்காமல் நேராக இழுத்தால் அந்தச் சுருக்கம் வராது என்று நாலு வரி எழுதியிருந்தார். அடுத்த நிமிடமே டீச்சர் அவரை மூலைக்கு அனுப்பினார்.

மணியக்கா அந்த நாலு வரியையும் நாத்தனாருக்குப் படித்துக் காட்டினாள்.